வீட்டில் பூசை இருக்கா?

ஒஸ்லோவின் கடற்கரையோரம் கண்ணாடியால் எழும்பி நிற்கிற உயர்ந்த கட்டடங்களுக்குள் இருந்து வேலை செய்பவர்கள், தாங்கள் என்ன காற்றைச் சுவாசிக்கிறோம் என்று அறியமாட்டார்கள். இந்திரகுமாருக்குத் தெரியும். ஒன்பது வருடங்களாக அந்தக் கட்டடங்களின் காற்றுக்குழாய்களைத் துப்புரவு செய்வதுதான் அவன் தொழில். முழங்காலில் தவழ்ந்து உள்ளே போவான். வெள்ளையாகப் போட்ட வடிகட்டி கரிச்சட்டியின் அடியைப்போலக் கறுத்துக் கிடக்கும். அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டிவிட்டு வெளியே வருவான். கீழே வங்கியிலும் காப்புறுதிக் கம்பனியிலும் இருப்பவர்கள், அன்றைக்குத் தலையிடி ஏன் குறைந்தது என்று தெரியாமலே வீட்டுக்குப் போவார்கள்.

கம்பனி அவனுக்கு நல்ல அளவுகருவிகள் கொடுத்திருந்தது. ஆனாலும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் முதலில் எடுப்பது கழிவறைக் கடுதாசியில் ஒரு துண்டு. காற்று வெளியேறுகிற துவாரத்தின் தட்டியில் அதை வைத்துக் கையை எடுப்பான். கடுதாசி ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று இழுபடுகிறது. விழுந்தால் எங்கேயோ அடைப்பு. அந்தக் கடுதாசியை நம்புகிற அளவுக்கு அவன் எந்த மனிதனையும் நம்பியதில்லை. சாமியை நம்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்படிப்பட்டவனுடைய மகளுக்குத்தான் மூச்சு முட்டியது.

ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஒன்பதாம் மாடிக் குழாய்க்குள் இருந்து ஊர்ந்து வெளியே வந்தபோது கைத்தொலைபேசியில் ஆறு அழைப்புகள் தவறிக் கிடந்தன. ஆறும் யதுர்ஷா போகிற சிறுவர் பள்ளியில் இருந்து. அவன் போய்ச் சேர்வதற்குள் அம்புலன்ஸ் வந்துவிட்டது. மனைவி வினோஜா, முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள், அந்த நீலச் சட்டையோடே பிள்ளையின் தலைமாட்டில் நின்றாள். நாலு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழி உள்ளே போனது, விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போனது. அழுவதற்குக்கூட அதனிடம் காற்று இல்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் ஒரு மருத்துவர் வந்து உட்கார்ந்து, ஆறுதலாக, ஆஸ்துமா என்றார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது முட்டு. வாயால் மூச்சோடு இழுக்கிற மருந்துப் பம்ப் இரண்டு கொடுத்தார்கள். நீலப் பம்ப் இழுப்பு வரும்போது, மற்றது காலையும் மாலையும் ஒவ்வொரு நாளும். முகத்தில் பொருத்துகிற மூடி வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தார்கள். அதன் மறுமுனையில் பம்பைச் செருகி அழுத்த வேண்டும், பிள்ளை பத்து மூச்சு எடுக்க வேண்டும். யதுர்ஷா அதற்கு யானைமூக்கு என்று பெயர் வைத்தாள்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டார்.

"என் தங்கைக்கு," என்றான் இந்திரகுமார்.

தங்கை சிறிதேவிக்கு எட்டு வயதாக இருந்தபோது, தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வாங்குகளுக்கு நடுவில் குடும்பம் படுத்துக் கிடந்தது. மருந்துக்கு அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். இழுப்பு வந்த பிள்ளையின் கையில் ஒரு ஐயர் நூல் கட்டினார். அதே மத்தியானம் பூமணி மிஸ்ஸி என்று ஒரு தாதி, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கடைசி ஊசிமருந்தைக் கொண்டுவந்து ஏற்றினாள். பிள்ளை பிழைத்தது. அந்த நூலைப் பற்றி இன்றைக்கும் சொந்தக்காரர் கதைக்கிறார்கள். பூமணி மிஸ்ஸியின் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பதினொரு வயதில் அருகில் நின்று பார்த்த இந்திரகுமாருக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. அவன் மனதில் சாமி இல்லாமல் போனது அன்றைக்குத்தான். பிறகு அவன் வீட்டில் சாமிப்படமும் இல்லை. கலியாணம் முடித்து வந்த வினோஜா ஒரு பிள்ளையார் படத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தவள். அது இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்த கையோடு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "பம்பைப் பழக்காதேங்கோ, பிறகு விடேலாது," என்றது ஒரு குரல். வேப்பெண்ணெய் பூசச் சொன்னது இன்னொன்று. வினோஜாவின் பெரியம்மா முறையான ஒருத்தி நகரத்தின் மறுபக்கம் ரொம்மனில் இருந்து அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பெம்பிளைப் பிள்ளை. முட்டெண்டு வெளியிலை சொல்லாதை. சளியெண்டு சொல்லு. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை இதெல்லாம் வரும்."

இந்திரகுமார் தொலைபேசியை மனைவியின் கையில் இருந்து வாங்கினான். "மாமி, நாலு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ? முதல் அவள் அஞ்சு வயசு வரைக்கும் மூச்சு விடட்டும். பிறகு பாப்பம்."

"நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்..."

"உந்த நல்லதை உங்கடை வீட்டிலையே வச்சிருங்கோ."

வினோஜா அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஆனால் அவனுடைய கோபத்துக்கு வேறொரு வேர் இருந்தது. அது பிள்ளையின் கட்டிலுக்குப் பின்னால், வடக்குப் பக்கச் சுவரில் இருந்தது.

ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், பியோர்ண்டாலில் அவர்கள் குடியிருந்தது யோகராசா என்பவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில். பாதி நிலத்துக்குள் புதைந்த தளம். மேலே யோகராசாவும் மனைவி மங்களேஸ்வரியும். யோகராசா எண்பதுகளில் வந்தவர். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். செத்த வீடு, கலியாண வீடு எதுவானாலும் முன்வரிசைக் கதிரை அவருக்கு. இந்திரகுமாருக்கு வேறெங்கும் வீடு கிடைக்காமல் இருந்த நேரத்தில், "எங்கட ஆக்களுக்கு நாங்கள்தான் செய்யவேணும்," என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தவர். அந்த நன்றியைத்தான் இந்திரகுமார் மூன்று வருடமாகச் சுமந்தான்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்றே கட்டிலை இழுத்துப் பார்த்தான். சுவரின் அடியில் இருந்து முழங்கால் உயரத்துக்குப் பூஞ்சணம். கறுப்பும் பச்சையுமாக, பாண் பழுதானால் வருமே, அதேமாதிரி. கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளினான், பிள்ளையைப் படுக்க வைக்க வேறு அறை இல்லை. ஈரப்பதம் அளக்கிற கருவியை வைத்தான். நூற்றுக்கு எழுபத்தெட்டு, அறுபதைத் தாண்டினாலே கூடாது. குளியலறைக்குப் போய்த் தட்டியில் கடுதாசியை வைத்தான். விழுந்தது. குசினியில் வைத்தான். அங்கும் விழுந்தது.

அது புதிது இல்லை. குடிவந்த முதல் வருடம் கடுதாசி ஒட்டியது. இரண்டாம் வருடம் விழுந்தது. அப்போதே அவன் மேலே போய்ச் சொன்னான். யோகராசா சிரித்தார். "குளிர்காலம் வரட்டும் தம்பி. வெளியிலை குளிர் கூடினால் தன்பாட்டிலை இழுக்கும்."

குளிர்காலமும் வந்தது. கடுதாசி மறுபடி விழுந்தது. இந்திரகுமார் இன்னொரு முறை மேலே போகவில்லை. வெளியில் குளிர் கூடக்கூட இழுவை கூட வேண்டும் என்பது அவனுடைய தொழிலின் அரிச்சுவடி. இழுக்கவில்லை என்றால் குழாய் அடைபட்டிருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. யாரோ ஒரு வங்கி முகாமையாளரின் தலையிடிக்காக ஒன்பதாம் மாடியில் தவழ்கிறவன், தன் பிள்ளையின் அறைக்காக மேல்மாடிக்கு ஏறி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன்? அண்ணை என்று கூப்பிட்டுவிட்டான். அண்ணை சொன்னால் மறுத்துக் கதைக்கிறதில்லை. இரண்டு குளிர்காலம் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பிள்ளை படுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்னுடைய கன்னத்திலேயே அறைய வேண்டும்போல இருந்தது.

இந்த முறை மேலே போனான்.

யோகராசா கீழே இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "சோறு காய்ச்சிறியள், புட்டு அவிக்கிறியள். அந்த நீராவிதான் இது. யன்னலைத் திறந்து வையுங்கோ."

"ஒவ்வொரு நாளும் திறக்கிறம் அண்ணை. இது அடைப்பு. சுவரை உடைச்சுப் பாக்கவேணும், குழாயையும் பாக்கவேணும்."

"தம்பி, உமக்கு அது தொழில். பாக்கிறதெல்லாம் உமக்குக் குழாய்தான்." சொல்லிவிட்டு அவர் தன்னுடைய பகிடிக்குத் தானே சிரித்தார்.

அடுத்த நாள் அவனும் மனைவியும் வேலையால் வரும்போது சுவர் வெள்ளையாக இருந்தது. தன்னிடம் இருந்த திறப்பால் உள்ளே வந்து யோகராசா பெயின்ற் அடித்திருந்தார். அறை முழுக்கப் பெயின்ற் மணம். பிள்ளை அன்றைக்கு மூன்று முறை நீலப் பம்ப் எடுத்தது.

இந்திரகுமார் படிகளில் பாய்ந்து ஏறினான். "அண்ணை, பூஞ்சணத்துக்கு மேலை பெயின்ற் அடிக்கிறது புண்ணுக்கு மேலை பவுடர் போடுறது மாதிரி!"

யோகராசாவின் முகம் மாறியது. "குரலைக் குறையும். நான் கதைக்கிற ஆக்களோடைதான் கதைப்பன், கத்துற ஆக்களோடை இல்லை. பிள்ளைக்கு வருத்தம் வீட்டாலை எண்டு டொக்டர் எழுதித் தரட்டும். தந்தால் நான் நாளைக்கே சுவரை உடைக்கிறன். கோயிலுக்குப் போற மனுசன் நான், சொன்னால் சொன்னதுதான்."

அது நியாயமான பேச்சாக இருந்தது. ஒரு கடிதம், ஒரு சுவர். இந்திரகுமார் ஒத்துக்கொண்டான்.

குடும்ப மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டுகிற நாள் ஏற்கெனவே குறித்திருந்தது. அன்றைக்கு அவனுக்கு நகரத்தின் மறுமுனையில் வேலை. வினோஜாதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு நோர்வேஜிய மொழி கடைக்கும் வேலைக்கும் போதும், மருத்துவருக்குப் போதாது. ஆகவே தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பிறகு இந்திரகுமார் வீட்டுரிமையாளருக்குக் கொடுக்கக் கடிதம் வேண்டும் என்று கேட்டு எழுதினான். சுவரைப் பற்றி வினோஜா சொல்லியிருப்பாள் என்று அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. பத்து நாளில் கடிதம் வந்தது. மூடிய உறை. ஒரு சனிக்கிழமை காலை, உடைக்காமலே அதை யோகராசாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். தான் ஒன்றையும் மாற்றவில்லை என்று அவர் அறிய வேண்டும் என்பதற்காக. அவ்வளவு நேர்மை.

யோகராசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். பிறகு அந்த இடத்தைச் சத்தமாக, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்.

"வீட்டில் பூஞ்சணம் எதுவும் இல்லை என்று தாய் தெரிவிக்கிறார். தகப்பனுக்கு அது பிடிக்காது. அவர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர்."

கடிதத்தை மடித்துத் திரும்ப நீட்டினார். "உம்மடை மனுசியே சொல்லியிருக்கிறா தம்பி. இனி நான் என்னத்தை உடைக்க?"

இந்திரகுமார் கீழே இறங்கி வந்தபோது வினோஜா பிள்ளைக்கு யானைமூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வரும்வரை நின்றான். பிறகு கடிதத்தை மேசையில் போட்டான்.

"பூஞ்சணம் இல்லையெண்டு ஏன் சொன்னனீ?"

"ஆர் சொன்னது?"

"நீதான். எழுதிக் கிடக்கு."

"எனக்கென்ன விசரே? சுவரிலை கிடக்கிறதை இல்லையெண்டு சொல்ல? பூஞ்சணத்தைப் பற்றி என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. கேப்பினம் கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப என்ன கேட்டவை? ஒண்டுவிடாமல் சொல்லு."

வினோஜா விரல்விட்டு எண்ணினாள். "எப்ப தொடங்கினதெண்டு கேட்டவை. நாய் பூனை இருக்கோ எண்டு. ஆரும் சிகரெட் பத்திறவையோ எண்டு. வீட்டுக்குள்ளை புகை ஏதும் வருமோ எண்டு. பிறகு பூசை இருக்கோ எண்டு."

"என்ன?"

"பூசை. தொலைபேசியிலை கதைச்ச பிள்ளை இந்தியாக்காரி. கரகரவெண்டு கேட்டுது. 'வீட்ல எங்கயாச்சும் பூசை இருக்குங்களா' எண்டு கேட்டவ. புகையைக் கேட்டுட்டுப் பூசையைக் கேட்டால் சாம்பிராணிப் புகையைத்தான் கேக்கினம் எண்டு நினைச்சன். கெட்டிக்கார டொக்டர் எண்டும் நினைச்சன். இல்லை, எங்கட வீட்டிலை அது அறவே இல்லை, இவருக்குப் பிடிக்காது, கடும் கண்டிப்பு எண்டு சொன்னனான்."

இந்திரகுமார் கதிரையில் உட்கார்ந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. சென்னையிலோ மதுரையிலோ பிறந்த அந்தப் பெண் கேட்டது பூஞ்சை. யாழ்ப்பாணத்தாளின் வாயில் அது பூஞ்சணம். தொலைபேசியின் கரகரப்பில் நடுவில் ஒரு எழுத்து விழுந்தது. பூஞ்சை பூசையானது. அவனுடைய பகுத்தறிவு, அவனுடைய சாமிப்படம் இல்லாத சுவர், முப்பது வருடப் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து, மருத்துவரின் கணினிக்குள் "பூஞ்சணம் இல்லை" என்று பதிவாகிவிட்டது.

வினோஜாவுக்கும் விளங்கியது. முதலில் கையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பிள்ளையைக் கெடுத்துப்போட்டனே?"

"உன்ரை காதிலை விழுந்த கேள்விக்குச் சரியான மறுமொழி சொன்னனீ," என்றான் அவன். "எழுதுறவை ஒருக்கால் யோசிக்கவேணும். பூஞ்சணம் ஆருக்காவது பிடிக்குமோ? 'தகப்பனுக்குப் பிடிக்காது' எண்டு ஒரு மனுசி சொன்னால், இதென்ன கதை எண்டு திரும்பக் கேக்கமாட்டினமே? எங்கட வாயாலை என்ன வந்தாலும் அது விசர்க்கதையாய்த்தான் இருக்கும் எண்டு முதலே நினைச்சு வச்சிருக்கினம். அதாலை அது விசித்திரமாய்த் தெரியேல்லை."

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். அவன் நோர்வேஜிய மொழியில், அவளுக்கு விளங்கும்வரை, இரண்டு சொற்களையும் தாளில் எழுதிக் காட்டிச் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். "இது நல்ல கதை. சக மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டும்."

"சொல்லுங்கள்," என்றான். "சொல்லும்போது, அந்த நல்ல கதையால் ஒரு நாலு வயதுப் பிள்ளை இன்னும் மூன்று கிழமை அதே அறையில் படுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. "நீங்கள் இவ்வளவு நன்றாகக் கதைக்கிறீர்கள். அன்றைக்கு ஏன் நீங்கள் வரவில்லை?"

மற்றவர்களின் காற்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். கைத்தொலைபேசியில் இருந்த சுவரின் படங்களைக் காட்டினான், பெயின்ற் அடிப்பதற்கு முன்னும் பின்னும். அவள் நெடுநேரம் பார்த்தாள். பதிவில் திருத்தம் எழுதினாள். புதிய கடிதத்தை அவன் முன்னாலேயே தட்டெழுதி, அவன் முன்னாலேயே வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டாள். எழும்பும்போது, "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றாள். அதை அவன் கணக்கில் எடுத்துக்கொண்டான். அதுவரைக்கும் அந்தச் சொல்லைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கடிதத்தோடு மேலே போனான். கதவு திறந்திருந்தது. வீடு முழுக்கச் சாம்பிராணி. மங்களேஸ்வரி பூசையறைக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "வாரும் தம்பி, இப்பதான் முடிஞ்சுது," என்றாள். யோகராசா திருநீற்றோடு நின்றார். இந்திரகுமார் பூசையறை வாசலில் நின்று கடிதத்தை நீட்டினான். யோகராசா கண்ணாடியைத் தேடினார்.

அந்த இடைவெளியில் இந்திரகுமாரின் கண்கள் தொழிலைப் பார்த்தன. முன்பு சாமான் போடுகிற சின்ன அறை அது. யன்னல் இல்லை. சாம்பிராணிப் புகை மேலே போய், போக இடமில்லாமல், கூரையில் பட்டைபட்டையாக மிதந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட அறையில் ஒரு காற்றுத்துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். கீழ்வீட்டுக் குளியலறைக்கும் குசினிக்கும் நேர்மேலே இருக்கிற அறை. குழாய் இந்தச் சுவருக்குள்ளால்தான் கூரைக்குப் போக வேண்டும். சுவரைப் பார்த்தான். முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் பின்னால், சுவரோடு சுவராகப் பெயின்ற் அடித்த ஒரு சதுரப் பலகை. நாலு மூலையிலும் ஆணி.

"அக்கா, அது என்ன பலகை?"

மங்களேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. "அதுவோ? அதிலை ஒரு ஓட்டை இருந்தது தம்பி. நீங்கள் மீன் பொரிச்சால் மணம் நேரே சாமியறைக்குள்ளை வரும். பூசை செய்யேலாது. அதாலை இவர், குளிருக்குச் சுவருக்குள்ளை வைப்பினமே, அந்தக் கிளாவாப் பஞ்சை உள்ளுக்கை இறுக்கி அடைச்சு, மேலை பலகையும் அடிச்சவர். இப்ப ரண்டு வருசம் இருக்கும், என்னப்பா?"

யோகராசா கடிதத்தில் இருந்து தலையை எடுக்கவில்லை.

இந்திரகுமார் கணக்குப் பார்த்தான். ரண்டு வருசம். கடுதாசி விழத் தொடங்கிய வருடம். மேலே போய்ச் சொன்னபோது சிரித்த சிரிப்பு. குளிர் கூடினால் இழுக்கும். புட்டு அவிக்கிற நீராவி. இவை எல்லாவற்றையும் சொன்னது தன் கையாலேயே பஞ்சை அடைத்த மனிதன்.

"அண்ணை," என்றான். குரல் தாழ்ந்துதான் வந்தது. "உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் மணம் வராமல் அடைச்சனான். பூஞ்சணம் வருமெண்டு கண்டனானே? சாமியறைக்குள்ளை மீன் மணம் வரலாமோ? சொல்லும் பாப்பம்."

"ஞாயிற்றுக்கிழமை உங்கட ஆட்டிறைச்சிக் கறி மணம் கீழ்ப்படி வரைக்கும் வரும். அது சாமிக்கு மணக்காதோ?"

"அது நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு..."

"கதவு! உங்கட சாமிக்குக் கதவு இருக்கு. என்ரை பிள்ளைக்கு ஒரு ஓட்டைதான் இருந்தது. அதையும் அடைச்சுப்போட்டியள். அடைச்சதை மறந்துபோயிருந்தாலும் பிழையில்லை. நான் வந்து கேட்டனான் அண்ணை. ரண்டு முறை கேட்டனான். இந்த இடத்திலை நிண்டு கேட்டனான். 'உமக்குப் பாக்கிறதெல்லாம் குழாய்' எண்டு சிரிச்சியள். படத்துக்குச் சாம்பிராணி காட்டுறியள், அதுக்கு மூக்கு இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது. கீழை ஒரு பிள்ளை கிடக்கு. அதுக்கு மூக்கு இருக்கு, நெஞ்சு இருக்கு."

"சாமியைப் பற்றிக் கதையாதையும்! உம்மடை நம்பிக்கையில்லாத கதையளை..."

"நான் சாமியைப் பற்றிக் கதைக்கேல்லை. கிளாவாப் பஞ்சைப் பற்றிக் கதைக்கிறன்." இடுப்புப் பையில் இருந்து திருப்புளியையும் ஆணி கழற்றுகிற குறட்டையும் எடுத்தான். வேலையால் நேரே வந்தவன்.

"படத்திலை கை வையாதை!" யோகராசா அவனுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றார். மரியாதை போய் ஒருமை வந்துவிட்டது.

அப்போதுதான் மங்களேஸ்வரி கேட்டாள். "அந்தப் பிள்ளைக்கு வந்தது இதாலையோ?"

அவள் கடிதத்தைப் புருசனின் கையில் இருந்து எடுத்தாள். நோர்வேஜிய மொழி அவளுக்கு முதியோர் பராமரிப்பில் இருபது வருடம் வேலை செய்து வந்த மொழி. அவரைவிட வேகமாக வாசித்தாள். வாசித்து முடிந்ததும் அதைக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"விலகுங்கோ," என்றாள்.

"மங்களம்..."

"விலகுங்கோ எண்டிறன். எனக்கு நீங்கள் சொன்னது, கீழை வேறை ஓட்டை இருக்கு, அவைக்கு ஒண்டும் ஆகாதெண்டு."

அவளே படங்களைக் கழற்றினாள். முருகனையும் லட்சுமியையும் மார்போடு அணைத்துக் கொண்டுபோய்ச் சாய்வு நாற்காலியில் வைத்தாள். இந்திரகுமார் ஆணிகளை எடுத்தான். பலகையை இழுத்தான். உள்ளே மஞ்சள் பஞ்சு, கீழ்ப்பக்கம் ஈரத்தில் கறுத்து, எலி செத்த நாற்றத்தோடு. கையை முழங்கைவரை விட்டு இழுத்து இழுத்து நிலத்தில் போட்டான். கடைசிக் கட்டி வந்தபோது குழாய்க்குள் ஒரு சத்தம் கேட்டது. நீண்ட மூச்சு மாதிரி. கூரையில் மிதந்த சாம்பிராணிப் புகை முழுவதும் திரும்பி, அந்தச் சதுரத் துவாரத்தைத் தேடி ஓடியது.

அவன் வினோஜாவை அழைத்தான். "குளியலறைத் தட்டியிலை கடுதாசி ஒரு துண்டை வச்சுப் பார்."

ஓடுகிற சத்தம். கதவுச் சத்தம். பிறகு அவள் குரல்: "ஒட்டுது. இஞ்சேருங்கோ, ஒட்டுது!"

யோகராசா கதிரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சரி, இப்ப திறந்தாச்சுதானே. சுவரையும் நான் பாக்கிறன். இனி இந்தக் கடிதத்தை அங்கை இஞ்சை குடுத்து எங்கட ஆக்களின்ரை மானத்தை வாங்காதையும்."

பெயர், மரியாதை, எங்கட ஆக்கள். பிள்ளையின் பெயரை அவர் அந்த வேளையிலும் சொல்லவில்லை. இந்திரகுமார் குத்துவிளக்குப் பக்கத்தில் இருந்த கடிதத்தை எடுத்து மடித்தான். "குடுப்பன்," என்றான். திங்கட்கிழமை வாடகைப் பிணக்குப் பார்க்கிற அலுவலகத்துக்குக் கடிதமும் படங்களும் போயின.

சுவரை உடைக்க யோகராசா கூப்பிட்ட ஆட்கள் மூன்று நாள் வேலை செய்தார்கள். கறுத்த பலகைகளைச் சாக்குச் சாக்காகக் கட்டிக்கொண்டு போனார்கள். பங்குனியில் குடும்பம் ரொம்மனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனது. சாமான் இறக்கிய அன்று, கதிரைகூடப் போடுவதற்கு முன்னால், இந்திரகுமார் மூன்று தட்டியிலும் கடுதாசி வைத்தான். யதுர்ஷாவின் இருமல் குறைந்தது. நீலப் பம்ப் கிழமையில் ஒருமுறை என்றானது. மற்றப் பம்ப் காலையும் மாலையும் தொடர்ந்தது. சுவர் போனாலும் முட்டு போய்விடவில்லை. அந்தச் சுவர் இல்லாவிட்டால் முட்டு வந்திருக்குமா என்று அவன் கேட்டபோது, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்த நிச்சயமின்மையும் அவனுக்குக் கோபத்தைத்தான் தந்தது.

சித்திரையில் ஒரு கலியாண வீடு. மண்டபத்தில் முன்வரிசையில் யோகராசா. வெளியே பனி கரைந்து பூந்தூள் பறக்கிற காலம். பிள்ளைகளோடு ஓடி விளையாடிய யதுர்ஷாவைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி அவர் சொன்னார்: "பாத்தியளே, பிள்ளை என்ன ஓட்டம் ஓடுது! இவளுக்கெண்டு நாற்பத்தெட்டு நாள் அர்ச்சனை செய்விச்சனான். முருகன் கைவிடேல்லை."

இந்திரகுமாருக்கு அந்தப் பள்ளிக்கூடத்து வாங்குகளும், கையில் கட்டிய நூலும், ஒளித்து வைத்த ஊசியோடு வந்த பூமணி மிஸ்ஸியும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். எழும்பினான்.

"அண்ணை, பிள்ளைக்குச் சுகம் வரத் தொடங்கினது மங்களக்கா முருகன் படத்தைக் கழற்றின நாளிலை. மறந்துபோட்டியளோ?"

இரண்டு கதிரை தள்ளி இருந்த மங்களேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஓம், அண்டைக்குத்தான்," என்றாள்.

ஓடிய களைப்பிலோ பூந்தூளிலோ பிள்ளை இருமத் தொடங்கியது. இரண்டு, மூன்று, நிற்காமல். வினோஜா பையைத் திறந்தாள். ஒரு காலம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போயிருப்பாள். இன்றைக்கு அந்த இடத்திலேயே, மண்டபத்தின் நடுவில், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யானைமூக்கை எடுத்துப் பிள்ளையின் முகத்தில் பொருத்தினாள். நீலப் பம்பைக் குலுக்கி அழுத்தினாள்.

பின்வரிசையில் இருந்து, அன்றைக்குத் தொலைபேசியில் சளியென்று சொல்லச் சொன்ன அந்தப் பெரியம்மா குனிந்து மெல்லக் கேட்டாள். "சளியோ பிள்ளைக்கு?"

"இல்லை பெரியம்மா," என்றாள் வினோஜா, எல்லாருக்கும் கேட்க. "முட்டு." பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி எண்ணத் தொடங்கினாள். ஒண்டு. ரண்டு. மூண்டு.